கேட்பதும் நம்புவதும்

வணக்கம் சார்,

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஜிகாதி இயக்கங்களில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. முன்பு ஒரு கட்டுரையில் நீங்கள், குண்டு வைத்தவனின் கதையையும் யாராவது உட்கார்ந்து கேட்டாக வேண்டும் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதை என் நண்பனிடம் காட்டினேன். "கேட்க உட்கார்ந்தாலே பாதி மன்னித்த மாதிரிதான்" என்றான். "செத்தவர்கள் வீட்டுக்குப் போய் எவன் உட்கார்ந்து கேட்டான்?" என்றும் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இன்னொன்று, இந்தத் துறை நிபுணர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மதம்தான் காரணம் என்கிறார் ஒருவர். மதம் வெறும் சாக்கு என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? அப்பா வேறு, "உனக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா, நாளைக்குப் போலீஸ் வீட்டுக்கு வரும்" என்று தினமும் ஆரம்பிக்கிறார். தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

ஓர் ஆய்வு மாணவன்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்குக் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும். அதனால் முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

2002 அக்டோபர் 12 அன்று பாலியில் குண்டு வெடித்து 202 பேர் செத்தார்கள். போலீஸ் ஒவ்வொருவராகப் பிடிக்கப் பிடிக்கப் பெயர்கள் வெளியே வந்தன. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்காக அந்தச் செய்தியின் பின்னால் அலைந்தவர்களில் நூர் ஹூதா இஸ்மாயில் என்ற இந்தோனேசிய இளைஞரும் ஒருவர். கைதானவர்களில் முபாரக் என்று ஒருவர். யார் என்று பார்த்தால், நூர் ஹூதாவின் பழைய விடுதி அறைத் தோழர். அப்போது அவர் பெயர் ஃபத்லுல்லா ஹசன். சோலோ நகரத்துப் பக்கம் ங்ருக்கியில், அபு பக்கர் பஷீரும் அப்துல்லா சுங்கரும் 1972-இல் தொடங்கிய மதப் பள்ளியில் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அதே ஆசிரியர்கள், அதே பாடம், அதே அறை. ஒருவர் கையில் குறிப்பேடு, இன்னொருவர் கையில் விலங்கு.

நூர் ஹூதா அதற்குப் பிறகு செய்ததுதான் ஆய்வு. அவன் ஏன் போனான், நான் ஏன் போகவில்லை என்ற கேள்வியை வைத்துக்கொண்டு சிறைகளுக்குப் போனார், பழைய ஆட்களைத் தேடிப் பேசினார், நண்பனைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தண்டனை முடிந்து வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உணவகமும் நடத்தினார். இதில் பாதி மன்னிப்பு எங்கே இருக்கிறது? அறைத் தோழன் செய்தது சின்னத் தப்பு என்று நினைத்திருந்தால் அந்தக் கேள்வியே அவரை இப்படி அரித்திருக்காது. இன்னொரு விஷயம், மன்னிக்கும் அதிகாரம் ஆய்வாளருக்குக் கிடையவே கிடையாது. அது பறிகொடுத்தவர்களுடையது. நமக்குச் சொந்தமில்லாததை நாம் தூக்கிக் கொடுத்துவிடுவோமோ என்று உங்கள் நண்பர் கவலைப்படுகிறார்.

ஆனால் செத்தவர்கள் வீட்டுக்கு யார் போனார்கள் என்று கேட்டாரே, அங்கே அவர் கை ஓங்கித்தான் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்களின் தலைவன் முகமது அத்தா என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அன்றைக்குச் செத்த கிட்டத்தட்ட 3000 பேரில் ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால் முழிப்பேன். இந்தத் துறையின் மை பெரும்பாலும் ஒரு பக்கமாகவே ஓடியிருக்கிறது. விதிவிலக்கும் உண்டு. பாரிஸில் 2015 நவம்பர் 13 அன்று 130 பேர் கொல்லப்பட்ட வழக்கு, 2021 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய பத்து மாதம் நடந்தது. அதில் வாரக்கணக்கில், பிழைத்தவர்களும் பறிகொடுத்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசினார்கள். உங்களுக்கு என் யோசனை இதுதான்: எந்த ஆளைப் பேட்டி எடுக்கப் போகிறீர்களோ, அவர் இயக்கம் செய்த காரியத்தில் அடிபட்டவர்களின் வாக்குமூலம் கிடைக்குமானால் முதலில் அதை உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டுப் போனால் நீங்கள் கேட்கும் கேள்வி மாறும். குரலும் மாறும்.

நடுவில் ஒரு வார்த்தைச் சண்டை. தீவிரவாதி, பயங்கரவாதி, போராளி என்று நம் பத்திரிகைகளில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஒரே பக்கத்தில் வரும். ஆய்வேட்டில் அப்படி எழுதாதீர்கள். இஸ்லாம் என்பது மதம், இஸ்லாமியவாதம் என்பது அரசியல், அந்த அரசியலிலும் ஆயுதம் எடுத்தவர்கள் ஒரு சிறு பகுதி. இந்த மூன்றையும் ஒவ்வொரு பக்கத்திலும் பிரித்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அலுப்பாக இருக்கும். பரவாயில்லை.

சரி, யாரை நம்புவது?

நீங்கள் பேட்டி எடுக்கப் போகிறவர்களிடமிருந்து தொடங்குவோம். 2018-இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு ஒலித்தொடர் வெளியிட்டது. சிரியாவில் ஐ.எஸ். என்கிற 'இஸ்லாமிய அரசு' அமைப்பில் இருந்ததாகவும், தன் கையால் ஆட்களைக் கொன்றதாகவும் ஒரு கனடா இளைஞர் அதில் விவரித்தார். கேட்டவர்கள் உறைந்து போனார்கள், ஒலி, ஒளிபரப்புக்கான பெரிய விருதான பீபடியும் கிடைத்தது. 2020 செப்டம்பரில் கனடா போலீஸ் அவர் மேல் வழக்குப் போட்டது. கொலை வழக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இல்லாத பயங்கரவாதத்தை இருந்ததாகச் சொல்லிப் பீதி கிளப்பிய வழக்கு. கதை கட்டியதுதான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். பத்திரிகை விருதைத் திருப்பிக் கொடுத்தது. கொன்றேன் என்று ஒருவன் எதற்காகப் பொய் சொல்லப் போகிறான் என்று எல்லோரும் நினைத்ததுதான் அங்கே வினையாக முடிந்தது.

எதிர்ப் பக்கத்து உதாரணம் இன்னும் சுவாரசியமானது. எகிப்தியரான சையத் இமாம் அல் ஷரீஃப், பின்னாளில் அல்கொய்தாவின் தலைவரான ஜவாஹிரியோடு கெய்ரோவில் மருத்துவம் படித்த அறுவை சிகிச்சை மருத்துவர். அல்கொய்தா பாடமாக வைத்துக்கொண்ட ஜிகாத் நூல்களை எழுதியவர். 2007-இல் எகிப்துச் சிறையில் இருந்தபடி, அப்பாவிகளைக் கொல்வது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஒரு நீண்ட மறுப்பை எழுதி வெளியிட்டார். அல்கொய்தா ஆடிப்போனது. ஜவாஹிரி ஒரு காணொளியில் கேலி செய்தார்: எகிப்துச் சிறை அறைகளில் இப்போது ஃபேக்ஸ் இயந்திரம் வைத்திருக்கிறார்களா, மின்சார ஷாக் கொடுக்கும் இயந்திரம் மாட்டியிருக்கும் அதே இணைப்பில்தான் அதுவும் ஓடுகிறதா என்று. கேட்டவர் யார் என்பதை மறந்துவிட்டுக் கேள்வியை மட்டும் பாருங்கள். சிறைக்குள் திருந்தியவரின் வார்த்தையில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு சிறையுடையது? உங்கள் தலைப்பே வெளியே வந்தவர்கள்தான் என்பதால் சொல்கிறேன். 'வழி தவறினேன், மூளைச்சலவை செய்தார்கள், ஒரு நல்ல மனிதரைச் சந்தித்தேன், கண் திறந்தது' என்று ஒரே வார்ப்பில் கதைகள் வரும். அதிகாரிக்கும் நிருபருக்கும் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள். பொய் என்று தள்ளவும் முடியாது, அப்படியே வாங்கி வைக்கவும் முடியாது.

இதைச் சரியாகச் செய்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். லியா ஃபாரல் ஆஸ்திரேலியக் கூட்டரசுக் காவல்துறையில் பயங்கரவாதத் தடுப்பு ஆய்வாளராக இருந்தவர். முஸ்தஃபா ஹாமித் என்ற எகிப்தியர், அபு வலீத் அல் மஸ்ரி என்ற பெயரில் ஆப்கான் போரில் இருந்தவர், சொந்தமாக நிறைய எழுதியவர். தாலிபான் தலைவர் முல்லா உமரைத் தன் தலைவராக ஏற்று உறுதிமொழி கொடுத்த முதல் அரபி. அல்கொய்தாவின் சைஃப் அல் அதல் அவருடைய மருமகன். அமெரிக்கா தடைப் பட்டியலில் வைத்த ஆள். 2001-க்குப் பிறகு ஈரானில் வீட்டுக்காவலில் கிடந்தவரோடு ஃபாரல் இணையம் வழியாகப் பேச்சுக் கொடுத்தார். அவரும் பதில் எழுதினார். 2011-இல் ஹாமித் எகிப்து திரும்பியதும் ஃபாரல் அங்கேயே போய், அலெக்சாண்டிரியாவில் உட்கார்ந்து இருவரும் வேலை செய்தார்கள். ஆப்கானிஸ்தானில் போரிட்ட அரபிகளைப் பற்றி 2015-இல் இருவர் பெயரிலும் புத்தகம் வந்தது.

பாதிப் புத்தகம் வாக்குவாதம். ஃபாரல் ஒன்று சொல்வார், அப்படி நடக்கவில்லை என்பார் ஹாமித். இவர் விடமாட்டார், அவரும் விடமாட்டார், கடைசியில் உடன்பாடு இல்லை என்றே அச்சாகியிருக்கும். அல்கொய்தா எப்படி உருவானது என்று பாடநூல்களில் நாம் படித்த கதையையே அந்த உரையாடல் சில இடங்களில் கலைத்துப் போட்டது. ஆப்கான் போருக்கு அரபிகளைத் திரட்டிய அப்துல்லா அஸ்ஸாமின் பெஷாவர் சேவை அலுவலகமே வளர்ந்து அல்கொய்தா ஆனது என்று சொல்லி வந்தார்கள். 1987-இல் ஆப்கானிஸ்தானின் ஜாஜியில் சோவியத் படையோடு நடந்த சண்டையில் கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு பின்லேடன் தனியாகப் பிரிந்து கட்டியது என்று இவர்கள் காட்டுகிறார்கள். ஹாமித் மனம் திருந்திய ஆள் இல்லை. முல்லா உமர் பேச்சைக் கேட்காமல் அமெரிக்காவைச் சீண்டிய பின்லேடனை விளாசுவார், ஆனால் தாலிபான்கள் என்று வந்தால் குரல் குழைந்துவிடும். அந்த இடங்களில் நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். ஒருவர் எங்கே கறாராக இருக்கிறார், எங்கே குழைகிறார் என்று தெரிந்துவிட்டால் அவரை வைத்து வேலை செய்யலாம்.

நிபுணர்கள் விஷயத்துக்கும் எனக்கு இதே அளவுகோல்தான். நீங்கள் பெயர் சொல்லவில்லை என்றாலும், மதம்தான் என்பவரும் சாக்கு என்பவரும் யார் என்று ஊகிக்க முடிகிறது. பிரான்சின் ஜில் கெபெல், ஒலிவியர் ராய். ஆரம்பகால இஸ்லாமுக்கே திரும்ப வேண்டும் என்கிற சலஃபிப் போதனை பரவிய இடங்களில் இருந்தே வன்முறை முளைக்கிறது என்பது கெபெலின் வாதம். ஏற்கெனவே இருக்கும் கலகவெறி இஸ்லாமின் உடையைப் போட்டுக்கொள்கிறது என்பது ராயின் வாதம். இருவரும் பொதுவெளியில் கட்டிப் புரண்டார்கள். ராய்க்கு அரபி தெரியாது என்றுகூடக் கெபெல் குத்திக்காட்டினார். எனக்கு என்னவோ ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கிறேன் என்கிற இடத்தில் இருவர் மேலும் சலிப்பு வருகிறது. அவர்களுடைய பழைய கள ஆய்வுகள் இந்தச் சண்டையைவிட எவ்வளவோ மேல். கெபெல் எகிப்து இயக்கங்களைப் பற்றி எழுதியதையும், ராய் ஆப்கானிஸ்தான் பற்றி எழுதியதையும் படித்துவிட்டு அப்புறம் இந்தச் சண்டைக்கு வாருங்கள்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது சின்ன விஷயங்களைப் பார்த்தவர்களிடம்தான். மார்க் சேஜ்மன், முன்பு சி.ஐ.ஏ.வில் இருந்த மனநல மருத்துவர், 172 பேரின் வாழ்க்கையைத் திரட்டி 2004-இல் ஒரு புத்தகம் எழுதினார். நண்பன் போனான், நானும் போனேன் என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. ங்ருக்கி விடுதி அறையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். நார்வேக்காரர் தாமஸ் ஹெக்ஹாமர், ஜிகாதிகள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். கவிதை சொல்கிறார்கள், கனவுக்குப் பலன் பார்க்கிறார்கள், கூட்டாக உட்கார்ந்து அழுகிறார்கள். ஈராக்கில் அல்கொய்தாவை நடத்திய, பிணைக்கைதிகளின் கழுத்தை அறுத்த ஜர்காவிக்குக் 'கசாப்புக்காரர்' என்று ஒரு பட்டம். 'அதிகம் அழுபவர்' என்று இன்னொரு பட்டமும் உண்டு. அந்த இரண்டாவது பட்டத்தைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அழுகிறவனைக் கூட்டத்தில் எல்லோரும் மதிக்கிறார்கள். அங்கே போய்ச் சேரும் பையனுக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

ஆய்வாளர் நெல்லி லஹூத்தின் கதையையும் விட மனமில்லை. 2011 மே 2 அன்று பின்லேடனைக் கொன்ற அபோட்டாபாத் வீட்டில் அமெரிக்கப் படை அள்ளிவந்த கோப்புகளில் கிட்டத்தட்ட 6000 அரபிப் பக்கங்களை அவர் படித்தார். உலகமே நடுங்கிய அமைப்பு, 2001-க்குப் பிறகு காசில்லாமல் ஆள் இல்லாமல் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. பின்லேடனின் பொது அறிக்கைகளை எழுதித் திருத்துவதில் மகள்களின் கை இருந்ததும் அதில்தான் தெரிந்தது. பத்து வருடம் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஊகித்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். அது வெறும் பயம் இல்லை. 2008 மே மாதம் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிஸ்வான் சபீர் என்ற முதுகலை மாணவர் கைதானார். செய்த குற்றம், ஆய்வுக்காக அல்கொய்தா பயிற்சிக் கையேடு ஒன்றைப் பதிவிறக்கியது. எடுத்தது அமெரிக்க நீதித் துறையின் இணையதளத்திலிருந்து. அதை ஒரு நண்பருக்கு அனுப்பியிருந்தார். நண்பரின் கணினியில் பார்த்தவர்கள் மேலே சொல்ல, இருவரும் ஆறு நாள் காவலில் இருந்தார்கள். பயங்கரவாத வழக்கு எதுவும் இல்லை. 2011-இல் போலீஸ் சபீருக்கு 20,000 பவுண்டு கொடுத்தது. அதனால் எதைப் படிக்கிறீர்கள், எதைச் சேமிக்கிறீர்கள், எதற்காக என்பது உங்கள் நெறியாளருக்கும் துறைக்கும் எழுத்தில் தெரிந்திருக்கட்டும். நண்பர்களுக்கு எதையும் அனுப்பாதீர்கள், வேடிக்கைக்குக்கூட.

மற்றப் பக்கமும் இருக்கிறது. லெபனானின் திரிப்போலியில் ஒரு ஏழைக் குடியிருப்பையும் அதன் ஆயுதக் குழுவையும் ஆராய்ந்த பிரெஞ்சு சமூகவியலாளர் மிஷெல் சூரா, 1985 மே மாதம் பெய்ரூட்டில் கடத்தப்பட்டார். பிணைக்கைதியாகவே செத்தார். உடல் கிடைத்தது 2005-இல். ஐ.எஸ். அமைப்பின் உள் அடுக்குகளை ஈராக்கில் அவரளவு அறிந்தவர் குறைவு என்று சொல்லப்பட்ட ஹிஷாம் அல் ஹாஷிமியை, 2020 ஜூலை 6 அன்று பாக்தாத்தில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். அவரை மிரட்டி வந்தது ஐ.எஸ். மட்டும் இல்லை, ஈரான் ஆதரவுக் குழுக்களும்தான். இதை அப்பாவிடம் மறைக்காதீர்கள். நீங்கள் செய்யப்போவது, நீதிமன்ற ஆவணங்களும் தண்டனை முடிந்து வந்தவர்களின் பேட்டிகளும் சார்ந்த ஆய்வு, அதில் ஆபத்து வேறு அளவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேட்டிக்குத் தனியாகப் போகாதீர்கள். பேட்டி கொடுப்பவருக்கும் பழைய கூட்டாளிகள் இருப்பார்கள், அவர் பெயரை மறைப்பது உங்கள் பொறுப்பு.

தொடருங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. எந்த மொழியில் இந்த ஆட்களோடு பேசப் போகிறீர்கள், எந்த மொழியில் அவர்கள் எழுதியதைப் படிக்கப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அரபி தொடங்கிவிட்டீர்களா?