செல்ஃப் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை: பழைய ஆம்னியில் எங்கே தேடுவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஆம்னி, கார்பரேட்டர் வண்டி. ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தியிருந்தேன். இப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரி, மூன்று புது பிளக் போட்டாயிற்று. கார்பரேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கரண்ட் கோளாறா, பெட்ரோல் கோளாறா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது குருட்டுச் செலவு.

பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, சீட்டைத் தூக்கி ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது. அப்படியானால் கரண்ட் வரவில்லை, அல்லது ஃப்ளட் (பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து பிளக் நனைந்துபோவது) ஆகியிருக்கிறது.

அடுத்தது ஸ்பார்க். ஆம்னியில் எஞ்சின் இருப்பது உங்கள் சீட்டுக்கு அடியில், கேபினுக்குள்ளேயே. கழற்றிய பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், அதன் பக்கத்தில் ஸ்பார்க் பார்க்கக் கூடாது. பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, வேறொரு பிளக்கை வயரில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கதவுகள் திறந்திருக்கட்டும். நீலநிறத்தில் 'டக் டக்' என்று அடித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாக, மெலிதாக வந்தால் அது போதாது. வெளியே அடிக்கிற அந்த ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அடிக்காது.

ஸ்பார்க் இல்லையென்றால் ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். ஒரு முனை பாடி எர்த்தில், மறுமுனை காயிலின் (பேட்டரி கரண்டை ஸ்பார்க்குக்கு உயர்த்தித் தரும் பாகம்) பாசிட்டிவில். சாவி ஆனில் இருக்கும்போதும், செல்ஃப் சுற்றும்போதும் எரிய வேண்டும். ஆனில் எரிந்து, செல்ஃப் அடிக்கும்போது அணைந்தால் இக்னிஷன் ஸ்விட்சிலோ வயரிலோதான் கோளாறு. பிறகு அந்த மறுமுனையைக் காயிலின் நெகட்டிவுக்கு மாற்றுங்கள். செல்ஃப் சுற்றும்போது லேம்ப் மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை; டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பிளக்குகளுக்குக் கரண்டை முறைப்படி பிரித்து அனுப்பும் பாகம்) வேலை செய்கிறது. விடாமல் எரிந்தால் பாயிண்ட் ஒட்டவில்லை. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சிறு பாகம்) ஷார்ட்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு படிந்திருக்கும். பேட்டரி எவ்வளவு புதிதானாலும் அதைத் தாண்டி கரண்ட் ஒழுங்காகப் போகாது. மெல்லிய உப்புத்தாளில் இரண்டு இழுப்பு, பிறகு சுத்தமான அட்டையை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. முகம் கருநீலமாகக் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே கருகிவிடும். எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டிய வண்டியென்றால் இந்தப் பாயிண்ட், கண்டன்சர் வேலை கிடையாது.

புது பிளக் போட்டபோது வயர் மாறியதா என்பதையும் பாருங்கள். சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை 1-3-2. இரண்டு வயர் மாறினால் செல்ஃப் அடிக்கும்போது கார்பரேட்டர் வழியாகவோ சைலன்ஸர் வழியாகவோ வெடிச் சத்தம் வரும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் லைனைப் பிடியுங்கள். கார்பரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயிலின் பாசிட்டிவ் வயரைப் பிடுங்கி, எதிலும் படாமல் வைத்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வரவில்லையென்றால் உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். அது இழுக்கும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் இருக்கலாம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கிறது, நின்ற வண்டியில் ஈரத்தையும் இழுத்துவைக்கிறது. பாட்டிலில் பிடித்த பெட்ரோலைச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக நீர் தங்கினால் டேங்கைக் காலி செய்யத்தான் வேண்டும்.

பம்ப் டயாபிரம் (பம்புக்குள் இருக்கும் ரப்பர் படலம்) கிழிந்திருந்தால், எஞ்சின் ஆயில் தங்கும் சம்ப்பில் பெட்ரோல் இறங்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் பம்போடு ஆயிலையும் மாற்றாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

கார்பரேட்டர் வாயில் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிச் செல்ஃப் அடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஆம்னியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு பேக்ஃபயர் (கார்பரேட்டர் வழியாகத் தீ திரும்பி அடிப்பது) போதும், தீ சீட்டுக்கடியில் பிடிக்கும்.

பிளக் நனைந்து, ஸ்பார்க்கும் நன்றாக இருந்தால் ஃப்ளட்தான். சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தபடி பத்து விநாடி அடியுங்கள். விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. திரும்பத் திரும்ப ஃப்ளட் ஆனால் மிதவைக்கு மேலுள்ள நீடில் வால்வில் பிசின் ஒட்டியிருக்கும். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவி, கிட் மாற்றினால் போதும்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல் சுற்றுகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படியானால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே சுற்ற வேண்டிய ரோட்டார் அசையவில்லையென்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. ரோட்டார் சுற்றி, கரண்டும் பெட்ரோலும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால்தான் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கருவி) எடுக்க வேண்டும்.