மண்மேட்டில் மரம் நட்டால் போதுமா?

கேள்வி: நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டும் கழிவு மண்மேடுகளில் மரம் நட்டுவிட்டால் நிலம் மீண்டுவிடும்தானே? பிறகு ஏன் இதைப் பெரிய பிரச்சினையாகப் பேசுகிறார்கள்?

அந்தத் 'தானே'க்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இங்கே டெல்லியில் பழைய ராஜேந்திர நகரில் அறை எடுத்து சிவில் சர்வீஸுக்குப் படிப்பவராக இருக்கலாம். அப்படியானால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நாளை இந்தக் கோப்பு உங்கள் மேசைக்கே வரக்கூடும்.

மத்திய இந்தியாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்தேன். இப்போது மயூர் விகாரில் இருக்கிறேன். சுரங்கத்தில் எனக்குப் பெயரே 'பௌதேவாலி மேடம்', செடிக்கார மேடம். மண் கொட்டுவதைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே, "நீங்க நர்சரியைப் பாருங்க மேடம்" என்பார்கள். உங்கள் கேள்வியிலும் அதே எண்ணம் இருக்கிறது: கொட்டுவது ஒருவர் வேலை, அப்புறம் வந்து செடி நடுவது இன்னொருவர் வேலை.

எங்கள் சுரங்கத்தில் ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ மூன்று கன மீட்டர் மண்ணையும் பாறையையும் அகற்ற வேண்டும். ஓபி என்போம். ஆரம்ப வருடங்களில் குழிக்குள் இடம் இருக்காது, வெளியே மலையாகக் குவிப்போம். கரி எடுத்து முடித்த பகுதி காலியான பிறகுதான் அதற்குள்ளேயே நிரப்ப முடியும். அந்த வெளிமேட்டில் இருப்பது வெடி வைத்துப் பிளந்த பாறை, களிமண், கரி கலந்த ஷேல் என்ற களிப்பாறை. காற்றுப் பட்டால் ஷேல் தானாகவே சூடேறிப் புகையும். மக்கிய இலைதழை என்று ஒன்றுமே அதில் கிடையாது.

உயிர் இருப்பது மேலே உள்ள ஓரடி ஒன்றரை அடி மண்ணில்தான். அதை முதலிலேயே தனியாக வழித்தெடுத்து, உயரமில்லாமல் குவித்து, மேலே புல் விதைத்து, சீக்கிரமே பயன்படுத்த வேண்டும். வருடக்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே காற்று இல்லாமல் அந்த மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் செத்துவிடும்.

2007இல் அப்படி ஒரு குவியல் சேர்த்து வைத்திருந்தேன். தம்பி கல்யாணத்துக்காக மாயவரம் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் குவியலைக் காணவில்லை. டம்பர் லாரி ஓடும் சாலையின் ஓரத்தைத் தூக்குவதற்கு அள்ளிப் போட்டுவிட்டார்கள். அது கெட்ட எண்ணத்தில் செய்தது இல்லை, அவர்கள் கண்ணுக்கு அது வெறும் மண். அந்த மழைக்காலத்தில் வெறும் ஓபி மேலேயே பன்னிரண்டாயிரம் கன்று நட்டோம். புகைப்படம் எடுத்து அனுப்பினோம். அடுத்த மே மாதம் முக்கால்வாசி காய்ந்து நின்றது.

2009 ஜூலையில் ஒரு மாலை, அதே மேட்டின் தலையில் விரிசல் பார்த்தேன். கை நுழையும் அகலம். கீழே அடிவாரத்தில் தரை லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே தண்ணீர் தேங்கி மேடு நகரத் தொடங்குகிறது என்பதற்கு இவை இரண்டும்தான் அடையாளம். சொன்னேன். காலையில் பார்க்கலாம் என்றார்கள். நானே நின்று பார்க்கலாம் என்றால் முடியாது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி, பெண்கள் காலை 6 முதல் இரவு 7 வரைதான் அங்கே வேலை செய்யலாம். 2019இல்தான் அதைத் தளர்த்தினார்கள். பாதுகாப்புக்காக என்றுதான் அந்த விதி இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு விதியால் எத்தனை பதவி உயர்வு எங்களைத் தாண்டிப் போனது என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. என்னோடு சேர்ந்த ஆண்கள் எல்லாம் 'ஷிப்டு பார்த்த அனுபவம்' காட்டி மேலே போனார்கள். சரி, அது வேறு கதை.

இரவெல்லாம் மழை. காலையில் மேட்டின் ஒரு பக்கம் சரிந்து ஓடையை அடைத்து, பக்கத்து ஊரின் நாற்று நட்ட வயல்களில் சாம்பல் நிறச் சேறாகப் பரவியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் அந்தச் சேற்றை ஒரு பிடி வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

இந்த மாதிரிச் சரிவு எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. வேல்ஸ் நாட்டு அபெர்வானில் ஊற்றின் மேலேயே நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். 1966 அக்டோபர் 21 அன்று அது சரிந்து 144 பேர் இறந்தார்கள், 116 பேர் குழந்தைகள். ஜார்க்கண்டில் லால்மட்டியா சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 இரவு 23 பேர் புதைந்தார்கள். சுரங்கமே வேண்டியதில்லை, இங்கே காஜிப்பூர் குப்பை மலையும் 2017 செப்டம்பர் 1 அன்று மழையில் சரிந்து இரண்டு பேர் உயிரை எடுத்தது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து அது தெரியும். பார்க்கும்போதெல்லாம் என் கண் அதன் சரிவைத்தான் அளக்கும்.

2009 சரிவுக்கு அப்புறம்தான் எங்கள் மேட்டில் ஒழுங்காக வேலை நடந்தது. மேட்டைப் படிப்படியாக எழுப்ப வேண்டும், ஒரு படியின் உயரம் 30 மீட்டருக்கு மேல் கூடாது, அதன் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. சுற்றுச்சூழல் அனுமதியில் மொத்தச் சரிவு 28 டிகிரிக்குள் என்று நிபந்தனை இருக்கும். மண் தள்ளும் டோசர் வைத்து அந்த அளவுக்கு இறக்கினோம். மேட்டைச் சுற்றி மாலை மாதிரி வடிகால், அடிவாரத்தில் பாறை அடுக்கிய சுவர், வடிகால் முடியும் இடத்தில் சேறு படிய ஒரு குட்டை. சரிவில் தென்னைநார்ப் பாய் விரித்தோம், அதன் மேல் முதலில் புல், ஸ்டைலோ என்ற பயறு வகைத் தீவனச் செடி. தழைச்சத்து சேர்ந்த பிறகுதான் புங்கம், நெல்லி, இலுப்பை, மூங்கில். கத்திச் சவுக்கை மட்டும் வரிசையாக நட்டால் இரண்டே வருடத்தில் பச்சையாகத் தெரியும், பார்வையிட வருபவர்களுக்கும் பிடிக்கும். அதன் இலை எளிதில் மக்காது, கீழே வேறொன்றும் முளைப்பது அரிது. அதனால் வேண்டாம் என்று சண்டை போட்டேன்.

ஆறாவது வருடம் நாங்கள் நடாத நாவல் கன்று ஒன்றை அங்கே பார்த்தேன். பறவை எச்சத்தில் வந்திருக்கும். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

சுரங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: வெட்டிய காடு திரும்பி வந்தது என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பாட்டியின் வயலில் சேற்றை அள்ளி, இழப்பீடும் கொடுத்த பிறகும், நெல் பழையபடி வரவில்லை. நான் அங்கிருந்து கிளம்பிய வருடம் வரைக்கும் அவர்கள் அதில் துவரைதான் போட்டார்கள்.