மைஎஸ்க்யூஎல்லை நீக்கியும் பழைய பாஸ்வேர்டு கேட்பது ஏன்?

கேள்வி: கடலூர் முதுநகரில் வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறோம். படகுக்காரர்களின் பாக்கிக் கணக்கு முழுவதும் உபுண்டு சர்வரில், மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. மரியாடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாறலாம் என்று மைஎஸ்க்யூஎல்லை நீக்கினேன். மனசு கேட்காமல் மறுபடி நிறுவிப் பார்த்தால் பழைய பாஸ்வேர்டையே கேட்கிறது, பழைய கணக்கும் அப்படியே இருக்கிறது. சுத்தமாக நீக்குவது எப்படி?

பதில்: கணக்கு அப்படியே இருப்பது உங்கள் நல்ல நேரம். நீங்கள் கொடுத்தது ‘ஆப்ட் ரிமூவ்’ கட்டளையாகத்தான் இருக்கும். அது மென்பொருளை மட்டும் எடுக்கும். தரவு, ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லிப்’, அதற்குள் ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற இடத்தில் தொடப்படாமல் கிடக்கும். பாஸ்வேர்டும் அங்கேயே ஒரு டேபிளில்தான் இருக்கிறது. மறுபடி நிறுவியதும் சர்வர் அந்த ஃபோல்டரையே எடுத்துக்கொள்கிறது.

முதலில் பேக்கப். ஃபோல்டரை நகலெடுத்து மரியாடிபியில் வைத்தால் ஓடாது, 8.0-இன் கோப்புகளை அதனால் படிக்க முடியாது. தரவை எழுத்துக் கோப்பாக (டம்ப்) எடுத்துத் தரும் ‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ கொண்டு இரண்டு நகல் எடுங்கள். எல்லா டேட்டாபேஸும் சேர்ந்தது ஒன்று. அது பாதுகாப்புக்கு மட்டும். உங்கள் கடைக் கணக்கு டேட்டாபேஸ் மட்டும் தனியாக இன்னொன்று. மரியாடிபியில் ஏற்ற வேண்டியது இதுதான். டேட்டாபேஸுக்குள் சேமித்த நிரல்களுக்கான ‘ரொட்டீன்ஸ்’, நேரம் குறித்து ஓடும் வேலைகளுக்கான ‘ஈவென்ட்ஸ்’ என்ற இரண்டையும் கட்டளையில் சேருங்கள், சேர்க்காவிட்டால் அவை வராது. டம்ப் கோப்பின் கடைசி வரியைத் திறந்து பாருங்கள். ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் நின்றுவிட்டது, பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும்.

நகலைக் கடையிலேயே வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். ஒரு பென்டிரைவ் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் பில்லிங்கை நிறுத்திவிட்டு, சர்வரையும் நிறுத்தி, அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும் ‘பர்ஜ்’ கட்டளையைக் கொடுங்கள். ‘மைஎஸ்க்யூஎல்-சர்வர்’ என்ற பெயருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. அது வெறும் மேலட்டை. உண்மையான சர்வர், பெயரின் முடிவில் 8.0 என்று வரும் பேக்கேஜில் இருக்கிறது. நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக வாரியெடுக்கவும் வேண்டாம், வேறு எதையாவது சேர்த்து இழுத்துப் போகும். அதற்கு முன், எதையும் நீக்காமல் காட்ட மட்டும் செய்யும் ஒத்திகை விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டி, எதெல்லாம் போகிறது என்று பட்டியலைப் படியுங்கள்.

நடுவில் டேட்டாபேஸ்களையும் அழிக்கட்டுமா என்று ஒரு திரை கேட்கும். ‘நோ’ கொடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு ‘யெஸ்’ தட்டி, புதுச்சேரியில் ஒரு கடையின் கணக்கை நான் இழந்திருக்கிறேன். மூன்று நாள் பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு டைப் அடித்தோம். முடிந்ததும் அந்தத் தரவு ஃபோல்டரை அழிக்காமல் பெயர் மட்டும் மாற்றுங்கள். பேக்கேஜ் பட்டியலில் ‘ஆர்சி’ என்று ஒரு வரி மிச்சமிருந்தால், அதன் அமைப்புக் கோப்புகள் போகவில்லை என்று அர்த்தம், அதற்கும் பர்ஜ்.

சரி, இனி மரியாடிபியை நிறுவி, கடைக் கணக்கு டம்பை ஏற்றலாம். மரியாடிபி பழைய பதிப்பென்றால் ‘அன்நோன் கொலேஷன்’ என்று நிற்கும். கொலேஷன் என்பது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. டம்பின் நகலில் 0900 வரும் கொலேஷன் பெயரை ‘யுடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ’ என்று மாற்றினால் ஏறிவிடும். பயனர் பெயர், பாஸ்வேர்டைப் புதிதாக உருவாக்குங்கள்.

நான்கைந்து படகுகளின் பாக்கியை நோட்டோடு ஒத்துப் பாருங்கள். பெயர் மாற்றிய ஃபோல்டர் ஒரு மாதம் கிடக்கட்டும், பிறகு அழிக்கலாம்.