பற்றை விடுறதுன்னா பாசத்தை விடுறதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல புத்தர் சொன்ன நிலையாமை பத்தி சின்னதா ஒரு பதில் எழுதியிருந்தேன், அதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு. பாதிக்கு மேல துக்க வீட்ல இருந்து வந்த கடிதங்கள். அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அம்மா தவறி எட்டு மாசம் ஆகுது. அவங்க போட்டு வச்ச மாவடு ஜாடி இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, திறக்கவும் மனசு வரல, தூக்கிப் போடவும் மனசு வரல. என் மச்சினர் விபாசனா தியான பத்து நாள் கோர்ஸ் போயிட்டு வந்தவர், நான் அழுறப்பல்லாம் "எல்லாம் அநிச்சம் (நிலையில்லாதது) அண்ணி, இது உங்க பற்று, விட்டுடுங்க"ங்கிறார். அழுறது தப்பா?
– வாசகி, கும்பகோணம்

தப்பே இல்லம்மா, அழுங்க. உங்க மச்சினர் சொன்னது புத்தர் சொன்ன விஷயம்தான், ஆனா துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட புத்தர் அதை அப்படி மொட்டையா சொல்லி நிறுத்திக்கல.

கிஸா கோதமி கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். செத்துப்போன குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு மருந்து குடுங்க மருந்து குடுங்கன்னு சாவத்தி நகரத்துல அலைஞ்ச பொண்ணு. அவகிட்ட புத்தர் முதல்ல ஒரு வார்த்தை தத்துவம் பேசல, யாருமே சாகாத வீட்ல இருந்து ஒரு சிட்டிகை கடுகு வாங்கிட்டு வான்னு மட்டும்தான் சொன்னார்னு அட்டகதை (பழைய பாலி விளக்கவுரை) சொல்லுது. கடுகு இல்லாத வீடு ஏது, எல்லாரும் அள்ளிக் குடுக்க ரெடியா இருக்காங்க, ஆனா இந்த வீட்ல யாராவது தவறியிருக்காங்களான்னு இவ கேட்ட உடனே, என்னம்மா இப்படி கேக்குற, இருக்கிறவங்களை விட போனவங்கதான் ஜாஸ்திங்கிறாங்க. ஒவ்வொரு வாசப்படியா இதைக் கேட்டுக் கேட்டு, கடைசில அவளேதான் குழந்தையைக் கொண்டுபோய் சுடுகாட்டுல விட்டா. யாரும் அவ இடுப்புல இருந்து பிடுங்கல. எனக்கு அந்தக் கதையில பெரிய விஷயமா படுறது இதுதான், அவளுக்கு வேண்டிய நேரத்தை அவர் குடுத்தார்.

ஆனந்தரைப் பாருங்க. 25 வருஷம் கூடவே இருந்து புத்தருக்குப் பணிவிடை செஞ்சவர், நிலையாமை பத்தி அவர் அளவுக்கு நேர்ல கேட்டவங்க ரொம்ப கம்மி. அவரே குசிநாராவுல புத்தரோட கடைசி நாள்ல விகாரைக்குள்ள போயி கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார், நான் இன்னும் கத்துக்க வேண்டியவன், என் மேல இவ்வளவு கருணை வச்சவர் போகப் போறாரேன்னு. புத்தர் ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டு, போதும் ஆனந்தா வருந்தாதே, பிரியமானது எல்லாத்தையும் ஒருநாள் பிரிய வேண்டி வரும்னு முன்னாடியே சொல்லியிருக்கேனேன்னுதான் ஆரம்பிக்கிறார். ஆனா அதோட நிறுத்தல, இத்தனை காலம் உடம்பால வாக்கால மனசால நீ என்கிட்ட அளவில்லாத அன்பா நடந்துக்கிட்ட, நல்லது சேர்த்து வச்சிருக்க, முயற்சி பண்ணு, சீக்கிரம் விடுதலை ஆயிடுவன்னும் சொல்றார். அந்த அன்பை அவர் குத்தமா சொல்லவே இல்ல பாருங்க.

இன்னொன்னு. புத்தரோட முதன்மைச் சீடர்கள் சாரிபுத்தரும் மொக்கல்லானரும் அடுத்தடுத்து இறந்து போன பிறகு, கங்கைக்கரையில உக்காசேலாங்கிற இடத்துல பிக்குகள் கூடியிருக்கிறப்ப புத்தர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துட்டு, அவங்க ரெண்டு பேரும் இல்லாம இந்த சபை எனக்கு காலியா தெரியுதுன்னார். அவருக்கு அதுல துக்கமோ புலம்பலோ இல்லைன்னு அதே சுத்தம் (புத்தரோட போதனை உரை) சொல்லுது, உண்மைதான். ஆனா அவங்க இருந்த இடம் காலியா இருக்குங்கிறது அவருக்கும் தெரிஞ்சிருக்கு, அதை வாய்விட்டு சொல்லியும் இருக்கார். உங்க வீட்ல அம்மா இடம் காலியா தெரியாம எப்படிம்மா இருக்கும்?

ரெண்டு அம்பு பத்தி ஒரு சுத்தம் இருக்கு. வலி வர்றது முதல் அம்பு, அந்த வலியை வச்சு மனசு தன்னையே குத்திக்கிறது ரெண்டாவது. அம்மா போனது முதல் அம்பு. அழுறதே தப்போ, நமக்கு பக்குவம் பத்தலையோன்னு ராத்திரில உக்காந்து யோசிக்கிறீங்களே, அது ரெண்டாவது. இதை இன்னிக்கே விட்டுடலாம்.

அந்த மாவடு, எடுத்து தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கோங்க, குழந்தைங்களுக்கும் குடுங்க. சாப்பிடத்தானே அவங்க போட்டு வச்சாங்க. ஒருநாள் ஜாடி காலியாகும், அன்னிக்கும் அழுவீங்க, பரவாயில்ல.

கேள்வி: நூறு பேர் மேல பிரியம் வச்சா நூறு துக்கம், யார் மேலயும் வைக்கலைன்னா துக்கமே இல்லன்னு புத்தர் விசாகைங்கிற அம்மாவுக்கு சொன்னதா படிச்சேன். எனக்கு ரெண்டு பசங்க. அப்போ பிள்ளைங்க மேல பாசமே வைக்கக் கூடாதா சார்?
– வாசகர், கோயம்புத்தூர்

அப்படித்தான் உதானம்ங்கிற பௌத்த நூல்ல இருக்கு, அதை நான் பூசி மெழுக மாட்டேன். பேத்தி செத்துப்போயி ஈரத்தலையோட ஈரத்துணியோட நட்டநடு மத்தியானம் வந்து நிக்கிறா விசாகை. சாவத்தியில இருக்கிற ஜனம் அத்தனை பேரும் உனக்கு பிள்ளையும் பேரனுமா இருந்தா சந்தோஷமான்னு கேக்கிறார், ஆமாங்கிறா. தினம் எத்தனை பேர் இங்க சாகுறாங்கன்னு கேக்கிறார், பத்து, ஒன்பது, குறைஞ்சது ஒருத்தராவதுங்கிறா. அப்போ என்னிக்காவது உன் தலை காயுமான்னு கேக்கிறார். கடினமான கேள்விதான்.

ஆனா விசாகை வீட்டை விட்டுப் போகல. இல்லறத்துலயே இருந்து பிக்கு சங்கத்துக்கு அள்ளி அள்ளிக் குடுத்தவ, பூர்வாராமம் விகாரையே அவ கட்டிக் குடுத்ததுதான். புத்தர் காட்டினது அன்பு கேட்கிற விலையை, தெரிஞ்சு குடுக்கிறது வேற, தெரியாம மாட்டிக்கிறது வேற.

5ஆம் நூற்றாண்டுல இலங்கை அனுராதபுரம் மகாவிகாரையில உக்காந்து உரையாசிரியர் புத்தகோசர் எழுதின விசுத்திமக்கம்ங்கிற நூல்ல இது இன்னும் தெளிவா இருக்கு. அன்புக்கு பக்கத்துலயே அன்பு மாதிரியே நிக்கிற பகை ஒன்னு உண்டு, அது ஆசை. சமநிலைக்கும் அதே மாதிரி ஒன்னு உண்டு, அது எதையும் கண்டுக்காத அறியாத்தனம். பையன் என் இஷ்டப்படி இன்ஜினியர் ஆகணும், என் கூடவே இருக்கணும், மாறவே கூடாதுன்னு பிடிச்சுக்கிறது முதல் ரகம். யார் எப்படிப் போனா எனக்கென்ன, எல்லாம் மாயைன்னு உக்காந்துடறது ரெண்டாவது ரகம், இதைத்தான் நம்மாளுங்க பல பேர் பற்றற்ற நிலைன்னு நினைச்சுக்கிறாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் ஆபத்து ஜாஸ்தி, ஏன்னா வெளியில இருந்து பார்க்க ஞானம் மாதிரியே இருக்கும். பசங்க மேல பாசமா இருங்க, அவங்க மாறுறதைப் பார்த்துக்கிட்டே பாசமா இருங்க.

கேள்வி: பிரேக்அப் ஆகி ஆறு மாசம். நம்பர் டெலீட், இன்ஸ்டா பிளாக், போட்டோ எல்லாம் அழிச்சாச்சு. இப்பவும் விடல. இன்னும் என்ன பண்ணணும்?
– கல்லூரி மாணவர், சென்னை

பிளாக் பண்ணினது சரிதான் தம்பி, புண்ணை நோண்டாம இருக்க அது உதவும். ஆனா புத்தர் வேட்கையை மூணா சொல்றப்ப, இன்பம் வேணும்ங்கிறது ஒன்னு, இருக்கணும்ங்கிறது ஒன்னு, இல்லாமப் போகணும்ங்கிறது மூணாவதுன்னார். நினைப்பே வரக்கூடாது, ஒழிஞ்சு போகணும்னு நீங்க மல்லுக்கட்டுறது அந்த மூணாவது. அதுவும் பிடிதான். விபாசனா வகுப்புல நாலாவது நாளுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அசையாம உக்காரச் சொல்வாங்க, முட்டி உயிர் போற மாதிரி வலிக்கும், வலி போகணும்னு நினைக்க நினைக்க ஏறும். அது எங்க ஆரம்பிக்குது, எப்படி நகருது, துடிக்குதா சுடுதான்னு சும்மா பார்க்க ஆரம்பிச்சா ஒரே கல்லு மாதிரி இருந்த வலி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கிட்டே இருக்கிறது தெரியும். அந்தப் பொண்ணு நினைப்பு வர்றப்பவும் அதையே செஞ்சு பாருங்க, நெஞ்சுல எங்க அழுத்துது, எவ்வளவு நேரம் இருக்கு, எப்போ டீக்கடை சத்தத்துல கரைஞ்சு போகுதுன்னு. துரத்தவும் வேணாம், உக்காத்தி வச்சுப் பேசவும் வேணாம்.

கேள்வி: தியானத்துக்கெல்லாம் நேரம் இல்லாத குடும்பப் பெண் நான். தினமும் செய்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க.
– வாசகி, திண்டுக்கல்

அங்குத்தர நிகாயம்ங்கிற புத்தர் போதனைத் தொகுப்புல அஞ்சு நினைவு சொல்லியிருக்கு, பெண்ணோ ஆணோ இல்லறத்தாரோ துறவியோ எல்லாரும் அடிக்கடி நினைக்கணும்னே அதுல இருக்கு. எனக்கு முதுமை வரும். எனக்கு நோய் வரும். எனக்கு சாவு வரும். எனக்குப் பிரியமான எல்லாமே மாறும், என்னை விட்டுப் பிரியும். நான் செய்ற செயல்தான் எனக்குச் சொந்தம், அதோட பலனும் என்னதுதான். அவ்வளவுதான், குளிக்கிறப்ப சொல்லிக்கலாம், பஸ்ல சொல்லிக்கலாம். நாலாவது வரியில நின்னு ஒருத்தர் முகத்தை நினைச்சுக்கோங்க, மாமியாரோ மகளோ, யார்கூட காலையில சண்டை போட்டீங்களோ அவங்களா இருந்தா இன்னும் நல்லது. இப்படி நினைச்சா பற்று போகும், இல்லைன்னா குறையவாவது செய்யும்னு சுத்தம் சொல்லுது, அந்த 'குறையவாவது' நம்ம மாதிரி வீட்டுக்காரங்களுக்குப் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காம, வாழவே பிடிக்கலைங்கிற மனநிலையில இருந்தா இதை ஆரம்பிக்காதீங்க. முதல்ல வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, டாக்டரைப் பாருங்க, மனசு கொஞ்சம் ஒரு நிலைக்கு வந்த பிறகு இதை எடுத்துக்கலாம்.