ஆடியாலஜிஸ்ட் என்றால் காது மெஷின் விற்பவர்தானே? அதற்கு எதற்கு 4 வருடப் படிப்பு?

உங்கள் வீட்டில் யாரோ பிஏஎஸ்எல்பி, அதாவது ஆடியாலஜியும் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்த பட்டப்படிப்பில் சேர ஆசைப்படுகிறார்கள், உங்களுக்குத் தயக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதே கேள்வியை என் சித்தப்பா கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

மெஷின் பொருத்துவதும் எங்கள் வேலைதான், மறுக்கவில்லை. ஈஎன்டி டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சீழ், சவ்வில் ஓட்டை, ஆபரேஷன் எல்லாம் அவர்கள் பார்ப்பதுதான். எவ்வளவு கேட்கிறது, குறை நடுக்காதிலா உள்காதிலா என்று அளந்து சொல்வது எங்கள் பொறுப்பு. பெரியவர்களை அறைக்குள் உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 வரை ஒலி கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லலாம். குழந்தையிடம் என்ன சொல்வது?

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பீடி சுற்றும் பெண் 2 வயது மகனோடு வந்தார். கூடவே மாமியார். "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான். பின்னால நின்னு தட்டைத் தட்டுனா திரும்புதானே தாயி" என்றார் அந்த ஆச்சி. குழந்தை நிழலைப் பார்த்தும் திரும்பும், தரை அதிர்ந்தாலும் திரும்பும். அதனால் பெரா டெஸ்ட் வேண்டும் என்றேன். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, சத்தம் கொடுத்து, நரம்பில் வரும் அலையைப் பார்க்கும் டெஸ்ட் அது. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். விடியற்காலையிலேயே எழுப்பித் தூங்கவிடாமல் கூட்டி வரச் சொன்னேன். பஸ் பேட்டை வருவதற்குள் தூங்கிவிடுவான், எங்களிடம் வந்ததும் முழித்துக்கொள்வான். இரண்டு முறை திரும்பிப் போனார்கள். இதைச் சொல்ல இது இடமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: ஒரு நாள் பீடி கொடுக்காவிட்டால் மறுநாள் கடையில் சுற்றக் கொடுக்கும் இலையைக் குறைத்துவிடுவார்களாம். பிள்ளைக்கு டெஸ்ட் எடுக்கப் போனவளின் கூலியில் கை வைக்க எப்படி மனசு வருகிறது?

மூன்றாவது முறை தூங்கினான். 90 டெசிபெல் வரை கொடுத்தும் இரண்டு காதிலும் அலை இல்லை. அதைத் தாயிடம் சொல்வதும் என் வேலைதான். ஆச்சி உடனே மருமகள் வயிற்றைக் குறை சொன்னார். அந்தப் பெண் அவருடைய சொந்த அண்ணன் மகள். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இப்படிப் பிள்ளை பிறந்தால், பெரும்பாலும் குறை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் சேர்ந்து வருவது. இவள் ஒருத்தியைச் சொல்லாதீர்கள் என்று குரலை உயர்த்தியே சொன்னேன். டெஸ்ட் எடுப்பவள் குடும்ப விஷயத்தில் தலையிடலாமா என்று கேட்பீர்கள். அந்தத் தாய் உடைந்துபோனால் பிள்ளைக்குப் பேச்சு யார் சொல்லிக்கொடுப்பது?

மெஷின் போட்டுப் பார்த்தோம், பெரிய பலன் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கருவி வைத்து நரம்பை நேராகத் தூண்டும் ஆபரேஷன் செய்கிறார்கள். அதில் அவனுக்கும் நடந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் முறை. இவனுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. ஆபரேஷன் முடிந்தால் கேட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். கருவியை எத்தனை அளவில் வைப்பது என்று திரும்பத் திரும்ப மேப்பிங் செய்ய வேண்டும். தினமும் காலையில் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளை வாயை மறைத்துச் சொல்லி, அவனுக்குக் கேட்கிறதா என்று பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். உட்கார்ந்து சொல்லித்தர நேரமில்லை மேடம் என்றாள். சரி, பீடி சுற்றிக்கொண்டே பேசு, சுளகு, இலை, தூள், நூல், கையில் எடுப்பதையெல்லாம் பேர் சொல்லி எடு என்றேன்.

எட்டு மாதம் கழித்து ஆச்சியிடமிருந்து போன். "தாயி, எலை வேணும்னு கேக்கான்." போனை அவனிடம் வைத்தார்கள். "எய" என்றான். "ல" வர இன்னும் நாளாகும் ஆச்சி, திருத்தாதீர்கள், கேட்டதும் கையில் இலையைக் கொடுங்கள் என்றேன்.