மைக் திறந்தால் சிரிக்கிறார்கள், மூடினால் திட்டுகிறார்கள்

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 23. இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்துவிட்டு வந்து, ஐந்து பேர் ஐந்து பேராக மோதும் வாலரண்ட் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டை ஆடுவேன். சேர்ந்து ஆட நண்பர்கள் யாரும் இல்லாததால் தனியாகத்தான் க்யூ போடுகிறேன், அதாவது அணி சேர வரிசையில் நிற்கிறேன். கூட வந்து சேரும் நான்கு பேரும் பெரும்பாலும் ஹிந்தி பேசுகிறார்கள். மைக்கில் பேசினால் என் உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறார்கள், பேசாமல் இருந்தால் ரிப்போர்ட் செய்கிறார்கள். போன வாரம் இரண்டு முறை கரண்ட் போய் ஆட்டம் பாதியில் நின்றது. இப்போது தடை விழுந்திருக்கிறது. டெலிகிராமில் ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் தடையை நீக்கித் தருகிறேன் என்று பாஸ்வேர்டு கேட்கிறார். கொடுக்கலாமா? முன்பின் தெரியாதவர்களோடு மரியாதையாக ஆடுவது எப்படி அண்ணா?

பதில்: பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள் தம்பி. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். படித்து முடிப்பதற்குள் பணத்தை அனுப்பிவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை முதல் வரியிலேயே சொல்கிறேன்.

பல வருடம் பிரவுசிங் சென்டர் நடத்திவிட்டு, இப்போது கல்லூரிப் பையன்களின் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். பேசாமல் ஆடுவதில் தவறே கிடையாது. ஆனால் எதிரி வருவதைப் பார்த்துவிட்டு, அதை எந்த வழியிலும் தெரிவிக்காமல் இருந்தால், கூட ஆடும் நால்வருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அவர்களுக்கு உங்கள் குரல் வேண்டாம், நீங்கள் பார்த்த செய்திதான் வேண்டும்.

செய்தியைச் சொல்ல வாய் தேவையில்லை. எதிரியைப் பார்த்த இடத்தை நோக்கி இசட் விசையைத் தட்டினால் அங்கே ஓர் அடையாளம் விழும், ஐந்து பேருக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டு வந்தபோது, பிங் எனப்படும் இந்த அடையாள வசதியை மிக நன்றாக அமைத்திருந்தார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத, ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத மூன்று பேர், வாயே திறக்காமல் ஓர் ஆட்டத்தை ஒழுங்காக ஆடி முடிக்க முடிந்தது. கூச்சம் உள்ளவர்களுக்கு அது பெரிய விடுதலை. நம் பையன்களில் பாதிப் பேர் அந்த விசையைத் தொடுவதே இல்லை.

மைக்கில் பேச விரும்பினால், முழு வாக்கியம் வேண்டாம். திரையின் மூலையில் இருக்கும் மினிமேப் என்ற சின்ன வரைபடத்தின் பக்கத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். எண்ணிக்கை, இடம், அடி, இந்த மூன்று போதும். ‘டூ, பி மெயின்.’ ‘ஒன், ஏ ஷார்ட், ஹிட் 120.’ முழுக் கவசம் போட்டவனுக்கு 150 உயிர். அதில் 120 போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்தவர் தைரியமாக எதிரில் போவார். இதில் உச்சரிப்பைக் கிண்டல் செய்ய என்ன இருக்கிறது? கிண்டல் செய்கிறவருக்கும் அந்தத் தகவல் தேவைப்படும்.

ஹிந்தி விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தின் நடுவில் ‘எனக்கு ஹிந்தி தெரியாது’ என்று ஆரம்பித்தால் அது சண்டையில்தான் முடியும். ஆட்டம் தொடங்கும் முன் ஏஜெண்ட், அதாவது ஆடும் பாத்திரத்தைத் தேர்வு செய்யும் அந்த நேரத்திலேயே ‘நோ ஹிந்தி, இங்கிலீஷ் கால்ஸ் ப்ளீஸ்’ என்று ஒரு வரி தட்டிவிடுங்கள். என் அனுபவத்தில் பலர் இடத்தின் பெயரையாவது ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்புறம், காதில் விழுகிறதைப் புரிந்துகொள்ள ஏழெட்டு வார்த்தை கற்றுக்கொள்வதில் நஷ்டம் இல்லை. ஏக், தோ, தீன் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. பீச்சே என்றால் பின்னால். ஊப்பர் மேலே, நீச்சே கீழே, ருக்கோ என்றால் நில். முதுகில் குண்டு வாங்காமல் இருக்க ‘பீச்சே’ ஒன்று தெரிந்தாலே போதும்.

மைக்கை எப்போதும் திறந்து வைத்திருக்காதீர்கள். வி விசையை அழுத்தினால் மட்டும் குரல் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சுற்றும் பேன், அடுப்பில் குக்கர், தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் ஸ்பீக்கர் எல்லாம் அந்த நால்வர் காதில் போய் விழுகிறது. எதிரியின் காலடிச் சத்தத்தைக் கேட்டு ஆடுகிற விளையாட்டு இது.

அதனால்தான் ஆட்டத்தில் செத்த பிறகு வாய் மூட வேண்டும் என்கிறேன். அணியில் ஒருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார், ஸ்பைக் என்ற வெடிகுண்டை எதிரணி வைத்தாகிவிட்டது, வெடிக்க 45 விநாடி, செயலிழக்கச் செய்ய 7 விநாடி வேண்டும். அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில் செத்துக் கிடக்கிற நாலு பேரும் ‘லெப்ட் பார், ரைட் பார், இப்போ போ’ என்று கத்தினால் அவர் என்ன செய்வார்? உங்களைக் கொன்றவன் எங்கே நின்றான் என்பதைச் செத்த உடனே ஒரு தடவை சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். அவர் தோற்றால் ‘நைஸ் ட்ரை’. நீங்கள் சொதப்பினால் ‘மை பேட்’. கேட்காத ஒருவருக்கு எப்படி ஆட வேண்டும் என்று பாடம் எடுக்காதீர்கள். திட்டுவதைவிட அது அதிகமாக எரிச்சல் மூட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்துக்குள் கையில் காசு அதிகம் இருந்தால், இல்லாதவருக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள். வேண்டல் என்ற துப்பாக்கி 2,900 கிரெடிட், ஆட்டத்துக்குள் செல்லும் காசு அது. உங்களிடம் 7,000 இருந்து பக்கத்தில் இருப்பவரிடம் 1,200 மட்டும் இருந்தால், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்களிடம் இதைவிடச் சீக்கிரம் நல்ல பெயர் வாங்க வேறு வழி தெரியவில்லை எனக்கு.

கெட்ட வார்த்தை பேசுகிறவரின் குரலை மட்டும் ஆட்டத்தின் நடுவிலேயே அடைத்துவிடலாம். ‘உன்னை மியூட் செய்கிறேன்’ என்று அறிவிக்காமல் செய்யுங்கள், ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யுங்கள். ரிப்போர்ட்டால் உடனே ஏதாவது நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வாலரண்டை நடத்தும் ரயட் நிறுவனம், குரல் உரையாடலை ஆராய்ந்து பார்க்கும் வேலையை 2022 ஜூலையில் தொடங்கியபோது, வட அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கு மட்டும்தான் தொடங்கியது. எந்த விளையாட்டாக இருந்தாலும் நம் மொழிகள் வரிசையின் கடைசியில்தான். தமிழில் இருக்கிற மோசமான வார்த்தையை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அது அப்படியே திரையில் வருகிறது. என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பெண், குரல் கேட்டதுமே வரும் வசவுக்குப் பயந்து வேறொரு விளையாட்டில் மைக்கையே கழற்றிப் போட்டுவிட்டாள். அந்த விளையாட்டின் நிறுவனத்துக்கு நான் எழுதிய மூன்று புகாருக்கும் ஒரே பதில், எழுத்து மாறாமல் வந்தது. கோடிக்கணக்கில் ஆட்களைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு புகாரைப் படிக்க ஒரு ஆளை உட்கார வைக்க முடியாதா?

பாதியில் விட்டுப் போவதைப் பற்றிக் கேட்டால், போகக் கூடாது என்பதுதான் என் பதில். ஒருவர் போனால் மீதி நால்வர், எதிரே ஐந்து பேர். ஆட்டம் முக்கால் மணி நேரம் வரை போகலாம். அந்த நேரம் கையில் இல்லையென்றால் க்யூவே போடாதீர்கள். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது போன்ற சின்ன வேலைக்கு, தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டத்தில் 60 விநாடி டைம்-அவுட் இருக்கிறது.

ஆனால் கரண்ட் வேறு விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் நீங்கள் போனதாக அர்த்தம் இல்லை. ஆனால் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கோபித்துக்கொண்டு போனவனும், ஃபேஸ் போய் இருட்டில் உட்கார்ந்திருப்பவனும் அதற்கு ஒன்றுதான். கூட ஆடும் நால்வருக்கும் தெரியாது. அவர்கள் கண்ணில் நீங்கள் ஓடிப்போனவர். அதனால் திரும்பி வருவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய ஒரே விளக்கம். லேப்டாப் என்றால் பேட்டரி இருக்கும், மோடம்தான் செத்திருக்கும். உடனே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு விளையாட்டை மறுபடி திறங்கள், பழைய ஆட்டத்தில் சேர வழி காட்டும். வந்ததும் ‘பவர் கட், சாரி’ என்று மட்டும் தட்டுங்கள். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால், சாதாரண யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும். அதற்குள் கரண்ட் வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மோடத்துக்கு மட்டும் மாட்டும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. விளக்கு கண் சிமிட்டினாலே மோடம் அணைந்து மறுபடி கிளம்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கிறதே, அந்தத் தொல்லை இதனால் போகும். டெலிகிராம்காரருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் பேப்பரில் முன்னாடியே வருகிறது, அன்றைக்குப் பகலில் ரேங்க் ஆட்டம் வேண்டாம். மழைக்காலத்தில் இடி கேட்டாலும் அப்படியே. இத்தனையும் செய்து கரண்ட் போய்விட்டால், தண்டனையை வாங்கிக்கொண்டு பேசாமல் தூங்குங்கள். உங்கள் மேல் குற்றம் இல்லை.

இனி அந்த டெலிகிராம் ஆள். ஆட்டத்தைப் பாதியில் விட்டதற்கு விழும் தடை பெரும்பாலும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். முதலில் சில நிமிடம், திரும்பத் திரும்ப நடந்தால் மணிக்கணக்கு, நாள்கணக்கு. நேரம் முடிந்தால் அதுவே போய்விடும். அவர் தொழில் ரகசியம் இதுதான். பணத்தை வாங்கிக்கொண்டு ‘ப்ராசஸ் ஆகுது ப்ரோ, நாளைக்கு ஆகிடும்’ என்பார். நாளைக்குத் தடை தானாகவே முடியும். நீங்கள் நன்றி சொல்லி நாலு பேருக்கு அவரைப் பரிந்துரைப்பீர்கள்.

அவர் நல்லவராக இருந்தால் நடப்பது இது. இல்லையென்றால், பாஸ்வேர்டு கைக்குப் போன நிமிடமே மின்னஞ்சல் முகவரியை மாற்றிவிடுவார். நீங்கள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஸ்கின்களோடு (துப்பாக்கிக்கு மாட்டும் அலங்காரங்கள்) அந்தக் கணக்கு வேறொருவருக்கு விற்கப்படும். வாங்கினவரையும் விட மாட்டார், கொஞ்ச நாள் கழித்துப் பழைய விவரத்தைக் காட்டிக் கணக்கைத் திரும்பப் பிடுங்கி மூன்றாவது ஆளுக்கு விற்பார். கணக்கைப் பகிர்வதும் விற்பதும் விதிப்படி தவறு என்பதால், நீங்கள் நிறுவனத்திடம் போய் அழவும் முடியாது. பாஸ்வேர்டு வேண்டாம், தூரத்திலிருந்தே உங்கள் கருவியை இயக்க வழி விடும் எனிடெஸ்க் செயலியை மட்டும் போடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். அது பாஸ்வேர்டைவிட மோசம், உங்கள் வங்கிச் செயலி வரைக்கும் திறந்துவிடுவது போல.

இவர்களுக்கு அண்ணன் தம்பிகளும் உண்டு. ரேங்க் ஏற்றித் தருகிறேன் என்பவர் ஆடி ஏற்றிக் கொடுத்த இடத்தில் உங்களால் நிற்க முடியாது, அங்கே வரும் நால்வருக்கும் நீங்கள் பாரமாகத்தான் இருப்பீர்கள். ஸ்கின் வாங்க உதவும் பாயிண்ட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவர் பல நேரம் திருட்டு கார்டில் வாங்கித் தருகிறார். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும் பணம் திரும்பிப் போகும், பூட்டு உங்கள் கணக்கில் விழும். என் சென்டருக்கு வந்த ஒரு பையன் அம்மாவின் தோட்டை அடகு வைத்து இப்படி வாங்கி ஏமாந்தான். இவர்கள் எல்லோரும் உங்களிடம் இனிமையாகத்தான் பேசுவார்கள் தம்பி. ஆட்டத்தில் உங்களைத் திட்டிய அந்த நாலு பேரும் உங்களிடமிருந்து ஒரு ரூபாய் எடுக்கவில்லை.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இப்போதே 1930 எண்ணுக்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான அரசு எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அனுப்பவில்லை என்றால், அந்த ஆளை பிளாக் செய்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவையுங்கள். தடை முடிந்ததும் நேரே ரேங்குக்குப் போக வேண்டாம். ரேங்க் கணக்கு இல்லாத அன்ரேட்டடில் இரண்டு ஆட்டம் மைக் இல்லாமல், பிங் மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். மூன்றாவது ஆட்டத்தில் ‘டூ, பி மெயின்’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.