நாவலை மாற்றாமல் தொடர் எடுக்க முடியாதா?

உலகமே அழிந்த பிறகு நடக்கும் கதைகளைத் தொடராக எடுக்கும்போது நாவலை ஏன் இப்படிப் புரட்டிப்போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றட்டும் என்பது என் கட்சி. ஆனால் காரணம் வேண்டும். நல்ல உதாரணம் 'ஸ்டேஷன் லெவன்': எமிலி செயின்ட் ஜான் மாண்டெல் 2014இல் எழுதிய நாவல், 2021 டிசம்பரில் பத்துப் பகுதித் தொடராக வந்தது. (கதை முடிவு வரை சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் நகர்ந்துவிடுங்கள்.)

நாவல் தொடங்குவது டொராண்டோவில், ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தில். நடிகர் மேடையிலேயே சரிந்து விழ, பார்வையாளர் வரிசையிலிருந்து ஜீவன் ஓடிவந்து மார்பை அழுத்திப் பார்க்கிறான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எட்டு வயதுச் சிறுமி கிர்ஸ்டன். நாவலில் இவர்கள் பழக்கம் சில நிமிடம்தான், அப்புறம் ஆளுக்கொரு திசை. தொடரை உருவாக்கிய பேட்ரிக் சோமர்வில், ஊரைச் சிகாகோவாக்கியதோடு, அவளை வீட்டில் விட்டுவரக் கிளம்பும் ஜீவனிடமே அந்தக் குழந்தையை ஒப்படைத்துவிட்டார். வீட்டில் ஆள் இல்லை. கொள்ளைநோய் பரவப்போகிறது என்று மருத்துவரான அக்காவிடமிருந்து அவனுக்குப் போன் வேறு வந்துவிட்டது. கடையில் கிடைத்ததையெல்லாம் தள்ளுவண்டிகளில் நிரப்பி, பனியில் தள்ளிக்கொண்டு இருவரும் ஜீவனின் அண்ணன் குடியிருப்புக்குப் போகிறார்கள்.

நாவலில் ஜீவனின் பயம் அவன் மனதுக்குள் ஓடுகிறது, நாம் படித்துக்கொள்கிறோம். திரையில் ஒருவன் ஜன்னலோரம் நின்றால் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்? பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால் பயத்தை மறைத்தாக வேண்டும், சோறு போட வேண்டும், அவள் கேள்விகளுக்குப் பொய்யாவது சொல்ல வேண்டும். மனதுக்குள் இருந்ததெல்லாம் காட்சியாகிவிடுகிறது. நாவலில் இவர்கள் மறுபடி சந்திப்பதே இல்லை. தொடரிலோ இருபது வருடம் கழித்துக் கடைசிப் பகுதியில் சந்திக்கும்போது கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எனக்குப் பிடிக்காத மாற்றம் டைலர், அழிவுக்குப் பிறகு தன்னைத் தீர்க்கதரிசி என்று நம்பும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டவன். தொடரில் அவனை நம்பிவந்த குழந்தைகள் உடம்பில் கண்ணிவெடி கட்டிக்கொண்டு போய் ஒரு நல்ல மனிதரைக் கொல்கிறார்கள். ஆனால் கடைசியில் அவன் ஹாம்லெட் நாடகத்தில் நடித்து, அம்மாவோடு ராசியாகி, குழந்தைகளோடு நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறான். செத்தவருக்கு யார் பதில் சொல்வது? நாவலில் அவனுடைய கூட்டத்துச் சிறுவனே அவனைச் சுட்டுவிடுகிறான். அதை அப்படியே விட்டிருக்கலாம்.